குதிரைக்கு அனுமதி கொடுங்கள்! சூதுக்கு எதற்கு அனுமதி?

ஆலங்குளத்துக்காரர்களுக்குக் கிண்டி ரேஸ் கோர்ஸைப் பற்றி என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். சிமெண்ட் ஆலை, ராஜபாளையம் பஞ்சாலை, சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி, சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி, பட்டாசு என்று வியர்வை சிந்திப் பிழைக்கிற சீமை இது. இங்கே குதிரைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? கோட்டும் சூட்டும் போட்டவர்கள் சென்னையில் பணத்தை வைத்துத் தோற்றால் நமக்கென்ன நஷ்டம்?

கேள்வி நியாயமானதே. கிண்டியில் சூதுக்கு ஒரு வாசல் திறந்து வைக்கப்பட்டது. அந்த வாசலுக்குச் சட்டம் கொடுத்த சாவி பிறகு வேறு வாசல்களையும் திறந்தது. ஆலைக் கூலியை வாங்கிக்கொண்டு வரும் இளைஞனின் கைப்பேசிக்குள் ரம்மி வந்து உட்கார்ந்தபோது, அதைக் காப்பாற்ற நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டப்பட்ட தீர்ப்புகளில் ஒன்று கிண்டிக் குதிரைப் பந்தயத் தீர்ப்பு. ஆகவே இது சென்னைச் சீமான்களின் விவகாரம் அல்ல. நம் அடுப்படி விவகாரம்!

வேலிக்கு உள்ளே ஒரு நீதி, வெளியே ஒரு நீதி

இந்தியாவில் குதிரைப் பந்தய மைதானம் நடத்த என்ன அனுமதி வேண்டும்? மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. பம்பாயில் 1912-ஆம் ஆண்டிலேயே பந்தய மைதானங்களுக்கு உரிமம் வழங்கும் சட்டம் வந்துவிட்டது. மைசூர் ராஜ்யத்தில் 1952-இல் அதே போன்ற சட்டம் வந்தது. இன்றும் பெங்களூரில் குதிரை ஓட வேண்டுமானால் அந்தச் சட்டத்தின்படி கர்நாடக அரசின் உரிமம் வேண்டும். ஜூன் 2024-இல் கர்நாடக அரசு பெங்களூர் டர்ஃப் கிளப்புக்கு உரிமம் மறுத்தது. தனி நீதிபதி இடைக்கால அனுமதி தந்தார். அதே மாதத்தில் டிவிஷன் பெஞ்ச் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. உரிமம் என்ற ஒரு காகிதம் எவ்வளவு பெரிய ஆயுதம் என்பதை நாடு அப்போது பார்த்தது.

நம் மாநிலத்தின் கதை வேறு. சென்னை நகரத்துக்கு 1888-ஆம் ஆண்டு நகரக் காவல் சட்டம். மற்ற ஊர்களுக்கு 1930-ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டம். இரண்டும் வெள்ளைக்காரன் காலத்தவை. சூது குற்றம் என்று சொன்ன அந்தச் சட்டங்களின் பழைய வரையறையிலேயே ஒரு சந்து விடப்பட்டது. குதிரைப் பந்தயத்தன்று, அரசின் ஒப்புதலோடு மைதானத்துக்குள் ஒதுக்கப்பட்ட வேலிக்குள் நின்று பணம் கட்டினால் அது சூது ஆகாது! அதே மனிதன், அதே பணத்தை, அதே குதிரையின் மேல், வேலிக்கு வெளியே நின்று கட்டினால் போலீஸ் பிடிக்கும்.

நம் பக்கத்துக் கிராமங்களில் திருவிழாக் காலத்தில் மாட்டுவண்டிப் பந்தயமும் குதிரை வண்டிப் பந்தயமும் நடக்கின்றன. பரிசை ஊர்ப் பெரியவர்கள் அறிவிக்கிறார்கள். ஓட்டுகிறவன் உயிரைக் கொடுத்து ஓட்டுகிறான். சாலையின் இருபுறமும் ஜனம் நின்று பார்க்கிறது. அங்கே பணம் கட்டும் சாளரம் இல்லை. கமிஷன் எடுக்கும் முதலாளி இல்லை. அந்தக் கூட்டத்தில் ஒருவன் நோட்டைக் காட்டிப் பந்தயம் கட்டினால் அவன் சூதாடி! கிண்டி வேலிக்குள் லட்சம் கட்டினால் கனவான்! செயல் ஒன்றுதான். வேலிதான் வேறு. வேலியைப் பார்த்து மாறுகிற நீதி என்ன நீதி?

மூன்று சட்டங்களும் ஒரு தீர்ப்பும்

இந்த அநீதி ஆட்சியாளர்களுக்குத் தெரியாமல் இல்லை. சுதந்திரம் வந்த இரண்டாம் ஆண்டிலேயே, 1949-இல், குதிரைப் பந்தயத்துக்கு இருந்த விலக்கை நீக்கிச் சூதின் வரையறைக்குள் கொண்டுவர ஒரு திருத்தச் சட்டம் நிறைவேறியது. அந்த ஆண்டு ஏப்ரலில் சென்னை மாகாணத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் நம் ராஜபாளையத்துப் பூ.ச. குமாரசாமி ராஜா. தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்த மனிதர் அவர். ஆனால் அந்தத் திருத்தம் காகிதத்திலேயே நின்றது. நடைமுறைக்கு வரவில்லை.

பிறகு 1974-இல் கலைஞர் ஆட்சியில் குதிரைப் பந்தய ஒழிப்புச் சட்டம் வந்தது. 1975 மார்ச் 31 முதல் அது அமலாகும் என்றார்கள். ரேஸ் கிளப் நீதிமன்றம் போனது, தடை வாங்கியது, குதிரைகள் ஓடின. 1986-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் ரேஸ் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ளும் சட்டம் வந்தது. அதுவும் வழக்கில் சிக்கியது. காங்கிரஸ், தி.மு.க., அ.தி.மு.க. ஆகிய மூன்று கட்சிகளின் ஆட்சியிலும் சட்டம் வந்தது. மூன்றும் பலிக்கவில்லை!

1996 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம், டாக்டர் கே.ஆர். லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில் தீர்ப்புச் சொன்னது. குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்த விளையாட்டு. அதில் பணம் கட்டுவது சூதாட்டம் ஆகாது. எனவே 1974-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தொடாது. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் அரசியல் சட்டத்தின் 14-வது பிரிவுக்கு முரணானது, செல்லாது. இதுதான் தீர்ப்பின் சாரம்.

இதன் விளைவைப் பாருங்கள். சூது என்பது வணிகமே அல்ல, அதற்கு அரசியல் சட்டத்தின் பாதுகாப்புக் கிடையாது என்று 1957-இல் இதே உச்ச நீதிமன்றம் சாமர்பாக்வாலா வழக்கில் சொல்லியிருந்தது. திறமை என்ற முத்திரை குத்தப்பட்டால் அந்தத் தடை விலகிவிடுகிறது. சூதாட்ட விடுதி தொழிற்கூடம் ஆகிவிடுகிறது! சீட்டாட்டத்தில் ரம்மி திறமை விளையாட்டு என்று 1967-இல் ஒரு தீர்ப்பு. அதைத் துணைக்கு வைத்துக்கொண்டு 1996-இல் குதிரைக்கு ஒரு தீர்ப்பு. இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு 2021-இல் இணைய ரம்மி நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழக அரசின் தடையை உடைத்தன.

அரசு விடவில்லை. நீதியரசர் சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் 2022-இல் புதிய சட்டம் கொண்டுவந்தது. ஆளுநர் மாதக்கணக்கில் வைத்திருந்து திருப்பி அனுப்பினார். மார்ச் 2023-இல் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது. நவம்பர் 2023-இல் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டாலும், ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலில் வைத்தது செல்லாது என்றது. மறுபடியும் அதே மந்திரம். திறமை! திறமை!

யாருடைய திறமை?

நீதிமன்றத்தை மதிக்கிறோம். ஆனால் தீர்ப்பை அலசிப் பார்க்கும் உரிமை குடிமகனுக்கு உண்டு. குதிரையை வளர்த்தவனுக்குத் திறமை வேண்டும். பழக்கியவனுக்குத் திறமை வேண்டும். மேலே உட்கார்ந்து ஓட்டும் ஜாக்கிக்கு நிச்சயமாகத் திறமை வேண்டும். இதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் கம்பிக்கு வெளியே நின்று சீட்டு வாங்குகிறவன் எதை ஓட்டினான்? குதிரையின் வம்சம், எடை, பழைய பந்தயங்களின் முடிவு, ஜாக்கியின் கைராசி எல்லாவற்றையும் படித்துக் கணக்குப் போடுகிறான், அது திறமை என்கிறார்கள். சரி, ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொள்வோம். அந்தத் திறமை அவனைக் காப்பாற்றுமா?

அந்தத் தீர்ப்பிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. மைதானத்தில் கட்டப்படும் மொத்தப் பணமும் டோட்டலைசேட்டர் என்ற பொது உண்டியலில் சேருகிறது. அன்றைய நிலவரப்படி அதில் 100-க்கு 20 அரசுக்கு வரி. 5 கிளப்புக்குக் கமிஷன். மீதி 75 வென்றவர்களுக்கு. கிளப் வெறும் 5-தான் எடுக்கிறது என்பதை அதன் நேர்மைக்கு அடையாளமாகச் சொன்னார்கள். நாம் அதே கணக்கை வேறு பக்கத்திலிருந்து போட்டுப் பார்ப்போம்.

மைதானத்துக்குள் வந்த எல்லோரும் சேர்ந்து 100 ரூபாய் கட்டினார்கள். முதல் பந்தயம் முடிந்ததும் அவர்கள் எல்லோருடைய பையிலும் சேர்த்து இருப்பது 75. அதை அப்படியே இரண்டாம் பந்தயத்தில் கட்டினால் மிஞ்சுவது 56 ரூபாய் 25 காசு. மூன்றாவதில் 42 ரூபாய் சொச்சம். நான்காவதில் 31 ரூபாய் 64 காசு. நான்கே பந்தயத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போய்விட்டது! கூடியிருப்பவர்கள் அத்தனை பேரும் குதிரைச் சாத்திரத்தில் கரை கண்ட மேதைகள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கு ஒரு காசு மாறாது. ஒருவனுடைய திறமை இன்னொருவனுடைய பையிலிருந்து எடுக்க உதவலாம். உண்டியலின் ஓட்டையை எவனுடைய திறமையும் அடைக்காது. ஓட்டையின் அடியில் கையேந்தி நிற்பவர்கள் இருவர்: ஒன்று கிளப், மற்றொன்று அரசு.

இப்போது சொல்லுங்கள். இது விளையாட்டா, வசூலா?

வரி வாங்கும்போது சூது, அனுமதி தரும்போது விளையாட்டு!

அரசின் இரட்டை நாக்கை வரிச் சட்டத்தில் காணலாம். 2023 அக்டோபர் முதல் குதிரைப் பந்தயத்தில் கட்டப்படும் முழுத் தொகைக்கும் 28 சதவீத ஜி.எஸ்.டி. என்றார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதமாக உயர்ந்தது. உயர்ந்த வரி நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம். எந்தப் பட்டியலில் வைத்து இந்த வரியைப் போட்டார்கள் என்று பாருங்கள். பந்தயம், கேசினோ, சூதாட்டம், குதிரைப் பந்தயம், லாட்டரி, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு ஆகிய ஆறும் ஒரே வரிசையில்! வரி வாங்க உட்காரும்போது கேசினோவும் குதிரையும் ஒரே பந்தி. அனுமதி என்று வந்தால் மட்டும் குதிரைக்குத் தனி இலை.

இன்னொரு முரண்பாடு. ஆகஸ்ட் 2025-இல் பாராளுமன்றம் இணைய விளையாட்டுச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு எதுவானாலும், திறமையா அதிர்ஷ்டமா என்ற பேதம் பார்க்காமல் தடை என்றது அந்தச் சட்டம். குடும்பங்கள் அழிகின்றன, கடன் பெருகுகிறது, உயிர்கள் போகின்றன என்பதே காரணம். சந்தோஷம்! திறமை என்ற போர்வையை இணையத்தில் உருவி எறிய முடியுமானால், மைதானத்தில் ஏன் முடியாது? கண்ணாடித் திரையில் தோற்றால் மட்டும்தான் குடும்பம் அழியுமா? கம்பி வேலிக்குள் தோற்றால் மனைவியின் தாலியும் கம்மலும் அடகுக்கடைக்குப் போகாதா?

மார்க்கம் குதிரைக்கு எதிரியல்ல

முஸ்லிம்கள் எதற்கெடுத்தாலும் ஹராம் என்பார்கள், பொழுதுபோக்கே கூடாது என்பார்கள் என்று ஒரு பிரச்சாரம் உண்டு. அவர்களுக்குச் சொல்வோம்: குதிரைப் பந்தயத்தை நம் மார்க்கம் தடுக்கவில்லை. நபி (ஸல்) அவர்களே மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். பயிற்சி கொடுத்து மெலியவைக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை நீண்ட தூரம். பயிற்சி பெறாதவற்றுக்கு ஸனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை குறைந்த தூரம். அதில் குதிரை ஓட்டியவர்களில் ஒருவர் இப்னு உமர் (ரலி) அவர்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியிருக்கிறது. வலுவுள்ளதற்கு ஒரு தூரம், வலுக்குறைந்ததற்கு ஒரு தூரம் என்று பிரித்ததில் வாயில்லா ஜீவன் மீதான இரக்கத்தையும் காண்கிறோம். பாய்ந்து ஓடும் குதிரைகளின் மேல் அல்லாஹ் சத்தியமிட்டே ஒரு சூராவைத் தொடங்குகிறான்.

ஒட்டகம், குதிரை, அம்பெய்தல் ஆகியவற்றில் வெல்பவருக்குப் பரிசு கொடுக்கவும் அனுமதி உண்டு. ஆட்சியாளர் கொடுக்கலாம், போட்டியில் கலந்துகொள்ளாத மூன்றாமவர் கொடுக்கலாம். ஆனால் நான் தோற்றால் என் பணம் உனக்கு, நீ தோற்றால் உன் பணம் எனக்கு என்று இரு பக்கமும் பணயம் வைப்பதை மார்க்க அறிஞர்கள் சூது என்றே பார்த்தார்கள். குதிரையைத் தொடாமல் வேடிக்கை பார்க்கிறவன் பணம் கட்டுவதற்கோ எந்த அனுமதியும் இல்லை. குதிரை ஹலால். பரிசும் ஹலால். பணயம் ஹராம். இதில் குழப்பம் எங்கே இருக்கிறது?

சூதில் சில பயன்களும் உண்டு, ஆனால் அதன் பாவம் பயனைவிடப் பெரிது என்று அல்லாஹ் அல்பகரா சூராவில் அறிவிக்கிறான். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சிந்திக்க வேண்டும். பயனே இல்லை என்று இறைவன் சொல்லவில்லை! அறியாமைக் காலத்து அரபிகள் ஒட்டகத்தை அறுத்து, அம்புகளைக் குலுக்கி எடுத்துப் பங்கு போடுவார்கள். வென்ற இறைச்சியைத் தாங்கள் தின்னாமல் ஏழைகளுக்குக் கொடுத்துப் பெருமை தேடிக்கொள்வார்கள். பஞ்ச காலத்தில் ஏழைக்கு அது சோறு. ஆயினும் தடை வந்தது. பகையும் வெறுப்பும் அதன் விளைவு, இறைநினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் அது தடுக்கிறது என்று அல்மாயிதா சூரா காரணமும் சொல்லிவிட்டது. சூதுப் பணத்தில் நலத்திட்டம் நடத்துவது இன்றைக்குத் தொடங்கிய தந்திரம் அல்ல. 1400 ஆண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லப்பட்ட தந்திரம்.

இது முஸ்லிம்களின் கருத்து மட்டும்தானா? வள்ளுவர் சூது என்று ஓர் அதிகாரமே வைத்தார். பாண்டவர்கள் நாட்டை இழந்தது பகடையில். நளன் காட்டுக்குப் போனதும் பகடையில். இந்த மண்ணில் சூதைப் புகழ்ந்து பேசிய சான்றோர் உண்டா? எனவே இது நம் சமுதாயத்தின் தனிக் கோரிக்கை அல்ல. தமிழகத்தின் பொதுக் கோரிக்கை.

மூன்று சாக்குகள்

முதல் சாக்கு, வருமானம். 1968-இல் தமிழக அரசு லாட்டரியைத் தொடங்கியபோதும் இதையே சொன்னார்கள். பரிசு விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்றார்கள். விழுந்த வீடுகள் எத்தனை? தெருவுக்கு வந்த வீடுகள் எத்தனை? ஜனவரி 2003-இல் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரியையும் தடை செய்தது. அரசு கஜானா அதனால் மூடப்பட்டுவிட்டதா?

இரண்டாம் சாக்கு, வேலைவாய்ப்பு. லாட்டரிச் சீட்டுகளை அச்சடித்தது நம் சிவகாசி. தடை வந்தபோது அச்சகங்கள் என்னாகும் என்ற பேச்சு எழுந்தது நியாயமே. சிவகாசி அழிந்துவிடவில்லை. காலண்டரும் டைரியும் பாடநூலும் அட்டைப் பெட்டியும் அடித்துப் பிழைத்துக்கொண்டது. ஆனாலும் இந்தச் சாக்கை நாம் அலட்சியமாகத் தள்ளவில்லை. லாயத்தில் குதிரை தேய்க்கிறவனும் புல் சுமக்கிறவனும் சூதாடிகள் அல்லர்; அன்றாடங்காய்ச்சிகள். அவர்களுக்கு மாற்று வழி காட்டுவது அரசின் கடமை. அவர்களைக் கேடயமாக நிறுத்திக்கொண்டு சூதைக் காப்பது அநியாயம்.

மூன்றாம் சாக்கு, தடை செய்தால் கள்ளத்தனமாக நடக்கும் என்பது. நடக்கும், மறுக்கவில்லை. லாட்டரி ஒழிந்த பிறகும் மூன்று நம்பர் லாட்டரி என்ற பெயரில், கேரளக் குலுக்கலின் கடைசி எண்களை வைத்துத் தென் மாவட்டங்களில் கள்ளச்சூது நடக்கிறது. போலீஸ் பிடிப்பதும் பத்திரிகையில் வருவதும் வாடிக்கை. ஆனால் உரிமம் கொடுத்தால் கள்ளச்சூது ஒழியுமா? உரிமம் பெற்று நடந்த பெங்களூர் மைதானத்துக்குள்ளேயே ஜனவரி 2024-இல் குற்றப்பிரிவு போலீஸ் புகுந்து புக்கிகளைச் சோதனையிட்டது. வரி ஏய்ப்புப் புகார்! வெளிச்சத்தில் நடக்கும் சூதுக்கு நிழலும் உண்டு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? திருடனைப் பிடிக்க முடியவில்லை என்பதற்காகத் திருட்டுக்கு லைசென்ஸ் கொடுப்பார் உண்டா?

நிலம் மீண்டது, சூது மீண்டதா?

கிண்டியில் ரேஸ் கிளப்புக்கு 1945-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்ட அரசு நிலம் ஏறத்தாழ 160 ஏக்கர். ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம். ஏக்கருக்கு நான்கு ரூபாய் கூட இல்லை! அரை செண்ட் மனைக்குப் பட்டா கேட்டு ஏழை எத்தனை முறை தாலுகா ஆபீஸ் படி ஏறுகிறான் என்பது நமக்குத் தெரியும். மார்ச் 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் 730 கோடி ரூபாய்க்கு மேல் வாடகை பாக்கியைக் கட்டச் சொன்னது. ஜூன் 2024-இல் ஊட்டி ரேஸ் கோர்ஸின் 52 ஏக்கரை அரசு மீட்டது. செப்டம்பர் 2024-இல் கிண்டிக் குத்தகையை ரத்து செய்து சீல் வைத்தது. பூங்காவும் நீர்நிலையும் வரும் என்றது. கிளப் வழக்குத் தொடுத்தது.

அரசின் இந்த நடவடிக்கையை வரவேற்கிறோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இதில் பேசப்பட்டது நிலமும் வாடகையும் பொது நோக்கமும். 1974-இல் சட்டம் போட்டபோது பேசிய சூது ஒழிப்பு இப்போது எங்கே போயிற்று? நாளை வேறொரு கம்பெனி சொந்த நிலத்தில், ஒழுங்காக வரி கட்டி, மைதானம் அமைக்கிறோம் என்று வந்தால் அரசு என்ன பதில் சொல்லும்? 1996 தீர்ப்பு அவர்கள் கையில் தயாராக இருக்கிறதே!

சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே 1842-இல் தொடங்கிய டர்ஃப் கிளப் 2024 அக்டோபர் 5 அன்று கடைசிப் பந்தயத்தை ஓட்டி முடித்தது. வீடு கட்ட நிலம் வேண்டும் என்று அரசு எடுத்துக்கொண்டது. மைதானம் போயிற்று, ஆனால் மற்ற நாட்டுக் குதிரைகளின் மேல் அங்கே பணம் கட்டும் வழி போகவில்லை. நிலத்தை மீட்பது வேறு, சூதை ஒழிப்பது வேறு என்பதற்கு இது பாடம்.

மறுபக்கம் துபையைப் பாருங்கள். 1996-இல், இங்கே அந்தத் தீர்ப்பு வந்த அதே ஆண்டில், துபை உலகக் கோப்பைக் குதிரைப் பந்தயம் தொடங்கியது. பார்வையாளர் பணம் கட்டும் சாளரம் இல்லாமலேயே அது உலகின் மிகப்பெரிய பரிசுப் பந்தயங்களில் ஒன்றாக வளர்ந்தது. பரிசை நடத்துகிறவர்கள் கொடுக்கிறார்கள். சூது இல்லாவிட்டால் குதிரை ஓடாது என்று வாதிடுகிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

நாம் கேட்பது என்ன?

ஒன்று: ஓட்டத்துக்கு உரிமம் வேறு, பணயத்துக்கு உரிமம் வேறு என்று பிரித்துப் புதிய சட்டம் வேண்டும். பந்தயமும் சூதாட்டமும் அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 34-வது இனம். அதிகாரம் சென்னையில்தான் இருக்கிறது. இணையத்துக்குப் பாராளுமன்றம் செய்தது போல, திறமை, அதிர்ஷ்டம் என்ற வாதத்துக்கே இடமின்றி, போட்டியில் கலந்துகொள்ளாதவர் பணம் கட்டுவதைத் தடுக்கும் சட்டமாக அது இருக்கட்டும். நீதிமன்றத்தில் நிற்கும்படி, பொருளாதார அழிவுக்கும் உயிரிழப்புக்கும் ஆதாரங்களைத் திரட்டி வைத்து எழுதட்டும்.

இரண்டு: குதிரை ஓட்ட விரும்புகிறவர்களுக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் உரிமம் கொடுங்கள். டோட்டலைசேட்டரும் புக்கியும் கூடாது; பரிசுப் பணம் யார் கொடுத்தது என்பதும் வரவு செலவும் பகிரங்கமாக வேண்டும்; குதிரைக்குக் கால்நடை மருத்துவர் சான்றும், ஜாக்கிக்குக் காப்பீடும் வேண்டும்; அரசு நிலமானால் சந்தை வாடகை வேண்டும். இந்த நிபந்தனைகளோடு ஓடட்டும். நாமும் போய்ப் பார்ப்போம்.

மூன்று: கிண்டி நிலமும் ஊட்டி நிலமும் எக்காலத்திலும் எந்தப் பெயரிலும் பணயத்துக்குத் திரும்பாது என்று அரசு உறுதி தர வேண்டும். லாயத் தொழிலாளர்களுக்கு மறுவாழ்வுத் திட்டம் வேண்டும்.

அரசிடம் மட்டும் கேட்டுவிட்டு நாம் சும்மா இருக்க முடியாது. கிரிக்கெட் பந்தயத்திலும் மூன்று நம்பரிலும் சிக்கியவர்களில் தொழுகையாளிகளின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஜும்ஆ மேடைகளில் வட்டியைப் பற்றிப் பேசுகிற அளவுக்குச் சூதைப் பற்றியும் பேச வேண்டும். கடனில் விழுந்தவனை ஏசித் துரத்தாமல், பைத்துல்மால் மூலம் வட்டியில்லாக் கடன் கொடுத்துக் கரையேற்ற வேண்டும். கந்துவட்டிக்காரனிடம் அவன் போவதற்குள் ஜமாஅத்தின் கை அவனைப் பிடிக்க வேண்டும். ஆலங்குளம், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஜமாஅத்துகள் ஒன்றுகூடி இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக்கிச் சட்டமன்ற உறுப்பினர்களிடம் கொடுக்கலாம். மற்ற சமுதாயத்துப் பெரியவர்களையும் கூட அழைத்துச் செல்லலாம். மறுப்பார் இருக்கமாட்டார்கள்.

உரிமம் என்பது வெறும் காகிதம் அல்ல. ஒரு செயலுக்கு அரசு போடும் சாட்சிக் கையெழுத்து. மக்களின் பெயரால் போடப்படும் கையெழுத்து என்பதால் அதில் நம் கையெழுத்தும் சேர்ந்திருக்கிறது. குதிரை ஓடுவதற்குச் சாட்சி சொல்வோம். ஏழை வீட்டுப் பானையை உருட்டுவதற்குச் சாட்சி சொல்லமாட்டோம்.

வல்ல அல்லாஹ் நம் ஆட்சியாளர்களுக்கு நல்ல புத்தியையும், நமக்கு இதை விடாமல் கேட்கும் துணிவையும் தருவானாக!